ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போகும்போது மாத்திரையும் கூடப் போகட்டும்

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எனக்கு எச்ஐவி இருப்பது கணவருக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடமாக ஏஆர்டி (எச்ஐவி கிருமியை அடக்கும்) மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது ஆறு மாதம். அடுத்த மாதம் தக்கலைப் பக்கம் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதுவரைக்கும் சரி, அங்கே போனதும் பிரசவம் வரை மாத்திரையை நிறுத்தலாமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? தெரிந்த ஒருவர், நோயைப் பதியாமல் தனியாரில் சிசேரியன் ஆபரேஷன் செய்து தருவதாகச் சொல்கிறார்."

நிறுத்தக் கூடாதம்மா, ஒரு நாள்கூட. சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரும். தாயும் பிள்ளையும் ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும். நான் பார்த்தவரையில் இந்தக் கணக்கு குலைவது வீடு மாறும் அந்த மாதங்களில்தான். வளைகாப்புக் கூட்டத்தில் பையைத் திறக்கப் பயந்து நாலு நாள் விட்டுப்போகும், அப்புறம் அதுவே பழகிவிடும்.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள் என்பது என் யோசனை. கட்டாயமில்லை. கர்ப்பிணி மாத்திரை விழுங்குவதை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். ஏஆர்டி மாத்திரையை இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் மட்டும் சேர்த்துப் போடாதீர்கள்.

அந்தத் 'தெரிந்தவரை' விட்டு விலகுங்கள். பிரசவ அறையில் மறைத்தால், பிறந்தவுடன் பிள்ளைக்குத் தர வேண்டிய, தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப் கிடைக்காது. எச்ஐவி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷனும் தேவையில்லை. அதை அவர் சொல்ல மாட்டார், சொன்னால் கமிஷன் போய்விடும். நாளைக்கு இவர்களே வேரோடு குணமாக்கும் லேகியம் என்று வருவார்கள். ஏஆர்டியை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பிரசவம் இலவசம். நோயைக் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஒரு மருத்துவமனையில், கட்டிலில் தொங்கிய அட்டையில் சிவப்பு மையால் பெரிதாக எழுதி வைத்திருந்ததை நானே பார்த்தேன். எத்தனை முறை சொன்னாலும் திருந்துவதில்லை. இப்படிச் செய்தால் பெண்கள் மறைக்காமல் என்ன செய்வார்கள்?

தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். ஆறு மாதம் அது மட்டும்தான். சேனை (பிறந்ததும் நாக்கில் தடவும் இனிப்பு), சர்க்கரைத் தண்ணீர், ஓமத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம். கலந்து கொடுத்தால் இளங்குடல் புண்பட்டு, கிருமி நுழைய வழி கிடைத்துவிடும். டாக்டர் எழுதிய மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிரப்பைப் பார்த்ததும் பாட்டி, "அதைக் கொடுக்கலாம், என் உரைமருந்து ஆகாதா?" என்பார். பதில் தெரியாமல் சில தாய்மார் இரண்டையும் கொடுக்கிறார்கள், சிலர் பயந்துபோய் இரண்டையும் நிறுத்துகிறார்கள். சிரப், போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச்சர்க்கரைக் கரைசல் எல்லாம் மருந்து. கொடுத்தே ஆக வேண்டும்.

கிளம்பும் முன் ஏஆர்டி மையத்தில் ஊர் மாறுவதைச் சொல்லி, மாத்திரை கைவசம் இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன் வைரஸ் அளவுப் பரிசோதனையும் கேளுங்கள். பிள்ளைக்கு ஆறாவது வாரத்தில் முதல் சோதனை. 18 மாதத்துக்குள் வெளி லேபில் சாதாரண எச்ஐவி டெஸ்ட் எடுக்காதீர்கள், உங்களிடமிருந்து பிள்ளைக்கு வந்த எதிர்ப்பொருளையே அது பிள்ளையின் நோயாகக் காட்டிவிடலாம். நடுவில் சந்தேகம் வந்தால் எச்ஐவி உதவி எண் 1097க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.