ஓட்டு எண்ணி முடிஞ்சாச்சு, சாயா குடிக்க வரலாமா?

மக்களவைத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4க்கு அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. தேர்தலைப் பற்றிக்கூட இல்லை, தேர்தலால் முறைத்துக்கொண்டு போன நண்பர்களைப் பற்றி. வாழைக் கன்றுக்கு உரம் கேட்டவர்களும் வீட்டு வரி பற்றிக் கேட்டவர்களும் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளவும்.

14 வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பது பேர் கூடிப் பேசுவோம். புத்தகம், உலக நடப்பு, எல்லாம் உண்டு. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரம், தொகுதியில் ஜெயித்ததற்காக ஒருவர் லட்டு வாங்கி வந்தார், டெல்லியில் ஆட்சி அமைவதற்காக இன்னொருவரும் லட்டு வாங்கி வந்தார். ஒருவர் லட்டை மற்றவர் தொடவில்லை. பேச்சு முற்றி, "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் நாடு இப்படிக் கிடக்கு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழுந்து போனார். நான்கு வாரமாக வரவில்லை. அவரோடு இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். என்ன செய்ய?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை)

முதலில் லட்டு விஷயத்தில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது சார். முடிவே அப்படித்தான் வந்தது. பாஜகவுக்கு 240, தனியாக ஆள 272 வேண்டும், கூட்டணியாக 293 சேர்ந்து ஆட்சி வந்தது. காங்கிரஸ் 52லிருந்து 99க்கு ஏறியது, ஆனால் ஆட்சி இல்லை. நம் கன்னியாகுமரித் தொகுதியில் காங்கிரஸ் 1,79,907 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆக ஒரே மேசையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஜெயித்தவர்தான், தோற்றவரும்தான். ஏப்ரல் 19ல் ஓட்டுப் போட்டுவிட்டு 46 நாள் காத்திருந்தோம், அத்தனை நாளும் அவரவர் மனக்கணக்கை ஊறப்போட்டு வைத்திருந்தோம், போதாததற்குக் கடைசி வாரம் பிரதமர் விவேகானந்தர் பாறைக்கே தியானத்துக்கு வந்துவிட்டார், மாவட்டத்தில் வேறு பேச்சே இல்லை. வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் "உன்னை மாதிரி ஆளுங்க" என்ற அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. அந்த நண்பர் ஜூன் மாதம் திடீரென்று வேறு ஆளாக மாறிவிட்டாரா? கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2014ல் இங்கே பாஜக வேட்பாளர் பொன். ராதாகிருஷ்ணன் வாங்கியது சுமார் 3.7 லட்சம் ஓட்டு, ஜெயித்தார். 2019லும் 2024லும் அவர் வாங்கியது ஏறக்குறைய அதே 3.7 லட்சம்தான், சில ஆயிரம் குறைவு, இரண்டு தடவையும் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். 2014ல் காங்கிரஸ், திமுக, அதிமுக எல்லாம் தனித்தனியாக நின்றார்கள், 2019லும் 2024லும் காங்கிரஸும் திமுகவும் ஒரே கூட்டணி. எதிரே நின்றவர்கள் பிரிந்ததும் சேர்ந்ததும்தான் முடிவைப் புரட்டிப் போட்டது, ஜனங்கள் மொத்தமாக மனம் மாறிவிடவில்லை. அப்படியென்றால் உங்கள் நண்பர், அவர் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, பத்து வருஷமாக அதே பக்கம்தான் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். போட்டுக்கொண்டே சனிக்கிழமை தோறும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ரசவடை தின்றுகொண்டும் இருந்தார். அப்போது வராத கோபம் இப்போது எங்கிருந்து வந்தது?

செய்ய வேண்டியது இதுதான். அந்த வார்த்தையைச் சொன்னவர் தனியாக, நேரில், அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் ஆறு பேரும் தூது போகாதீர்கள், போனால் பஞ்சாயத்து ஆகிவிடும், பஞ்சாயத்து என்றால் யார் பக்கம் தப்பு என்று பேச வேண்டி வரும். "நான் சொன்ன வார்த்தை தப்பு" என்று சொன்னால் போதும். "ஆனா நீயும்" என்று ஆரம்பித்தால் போனதே வீண். அப்புறம், "இனி இங்கே அரசியல் பேசக்கூடாது" என்று சட்டம் மட்டும் போடாதீர்கள். அரசியல் பேசாத ஒன்பது ஆசிரியர்களைக் கற்பனை செய்து பாருங்கள், மூன்றாவது வாரம் சர்க்கரை மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்பதைக் கேட்காமல் இருந்தாலே முக்கால்வாசி பிரச்சினை தீரும். அதற்கு அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

எங்கள் பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று ஒரு நண்பர் தாள் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். "இந்தத் தெருவில் நூத்திப் பத்து ஓட்டு அந்தப் பக்கம் போயிருக்கு, அதுல நீயும் உண்டா" என்று ஆளாளுக்குக் கேட்கிறார். ரகசிய வாக்கு என்று சொல்வதெல்லாம் சும்மாவா?
(பெயர் வேண்டாம், குழித்துறை)

உங்கள் ஓட்டு ரகசியம்தான். உங்கள் தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை. இது பலருக்குத் தெரியாது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத் பெட்டிகளின் சீட்டுகளைக் கொட்டிக் கலந்துவிட்டு எண்ணும் ஏற்பாடு விதியிலேயே இருந்தது, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஊகிக்கத்தான் முடியும். மின்னணு இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு பூத் இயந்திரமும் தனித்தனியாகத் தன் கணக்கைச் சொல்லிவிடுகிறது, முகவர்கள் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்கள், பிறகு தேர்தல் ஆணையமே பூத் வாரியான பட்டியலை வெளியிடுகிறது. 2024ல் ஒரு பூத்தில் 1,500 பேருக்குள்தான் வாக்காளர்கள் இருந்தார்கள். சின்னத் தெருவாக இருந்தால் தாளைப் பார்த்தே குடும்பக் கணக்குப் போட ஆட்கள் உண்டு. "உங்க ஊர் எனக்குப் போடலை, உங்க ரோடு அப்படியேதான் கிடக்கும்" என்று சொல்கிற அரசியல்வாதிக்கு இந்தத் தாள்தான் ஆயுதம்.

பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து மொத்தமாக மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015ல் தன் 255வது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் அது வந்திருக்க வேண்டும். பூத் கணக்குத் தெரிந்தால்தான் மோசடியைக் கண்டுபிடிக்க முடியும் என்று எதிர்வாதமும் உண்டு, அதையும் தள்ள முடியாது, இருந்தாலும் நம் ஊர் மாதிரி தெருவுக்குத் தெரு கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலுமாக ஆட்கள் சேர்ந்து வாழும் இடத்தில் இந்தத் தாள் செய்கிற கேடு பெரியது.

உங்கள் நண்பரிடம் இன்னொன்று சொல்லுங்கள். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 94வது பிரிவு. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று எந்தச் சாட்சியையும், எந்த ஆளையும் சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது. நீதிமன்றக் கூண்டில் ஏற்றிவைத்துக் கேட்க முடியாத கேள்வியை இவர் குழித்துறை சாயாக்கடையில் வைத்துக் கேட்கிறார்.

தேர்தல் பந்தயத்தில் நண்பரிடம் ஒரு குலை செவ்வாழை ஜெயித்தேன். தர மறுக்கிறார். கேட்கலாமா?
(தோவாளை)

கேளுங்கள். பழுத்ததும் ஒரு சீப்பை அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். மீதியை எனக்கு அனுப்பினாலும் வருத்தமில்லை.

ஜெயித்தால் வெடி போடக்கூட உரிமை இல்லையா? அதற்கும் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
(இளைஞர், கருங்கல்)

உரிமை இருக்கிறது தம்பி. நானும் போட்டிருக்கிறேன். எந்தத் தேர்தல் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நான் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடுவீர்கள். நாகர்கோவில் கோணத்தில் ஓட்டு எண்ணி முடித்த செய்தி வந்ததும் நாலு பேர் சேர்ந்து ஆயிரம்வாலாவை வாங்கி, இத்தனை இடம் இருக்க, எதிர்க்கட்சிக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த நண்பன் கடை வாசலில் கொண்டுபோய்ப் போட்டோம். வேடிக்கை என்றுதான் நினைத்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்து எங்கள் முன்னாலேயே வெடிக் காகிதத்தைக் கூட்டி அள்ளிவிட்டு மறுபடியும் கல்லாவில் உட்கார்ந்தான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவன் அப்படிக் குனிந்து கூட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த தேர்தலில் அவன் பக்கம் ஜெயித்தது, என் வீட்டு வாசலில் யாரும் வெடி போடவில்லை, எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெடியைப் போடு, முச்சந்தியில் போடு.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். 2016ல் டிரம்ப் ஜெயித்த பிறகு அவனுடைய நண்பர் வட்டமே உடைந்துவிட்டது என்கிறான். படித்தவர்கள் நாட்டிலும் இப்படியா?
(குளச்சல்)

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே 2016ல் ஹிலாரி கிளின்டனுக்கு டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் ஓட்டு அதிகம், ஆனாலும் மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று அதிபரைத் தேர்ந்தெடுக்கிற தேர்வாளர்கள் கணக்கில் ஜெயித்தது டிரம்ப். 2000த்தில் புஷ் அதிபரானது புளோரிடாவில் வெறும் 537 ஓட்டு வித்தியாசத்தில். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று 2016ல் கேட்டபோது 52க்கு 48. இப்படிப் பாதிக்குப் பாதியாக வரும் முடிவில் தோற்றவருக்குத் தோற்றதாகவே தோன்றாது, யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் ஜெயித்த நண்பன் "மக்கள் தீர்ப்பு" என்று வாய் திறந்தால் அவ்வளவுதான்.

நான் ஒருவன் போடாவிட்டால் என்ன என்று சொன்னதற்கு நண்பர்கள் என்னைக் குழுவிலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். நியாயமா?
(ஆரல்வாய்மொழி)

ஒதுக்கியது அதிகப்படி. ஆனால் உங்களுக்குப் பக்கத்துத் தொகுதிதானே ராதாபுரம்? 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் 49 ஓட்டு. நீதிமன்றம், மறு எண்ணிக்கை என்று வருஷக்கணக்கில் இழுத்தது. ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் 2008ல் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அடுத்த தடவை போய்க் குத்திவிட்டு வந்து பேசுங்கள்.

மற்றதெல்லாம் சரி. ஆனால் மதத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவனோடு எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்து சாயா குடிப்பது நடிப்பு இல்லையா? "நட்பு வேறு, அரசியல் வேறு" என்பது வசதியானவர்கள் பேச்சு.
(ஆசிரியை, நாகர்கோவில்)

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. உங்கள் நம்பிக்கையையோ சமுதாயத்தையோ கேவலமாகப் பேசுகிறவரைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது அரசியல் கருத்து இல்லை, வசவு. எழுந்து போய்விடுங்கள்.

ஆனால் ஓட்டைப் பார்த்து மனசைப் படிக்க முடியும் என்பதை நான் நம்பவில்லை. இந்த மாவட்டத்தின் எம்.பி. வரிசையைப் பாருங்கள்: 1999ல் பாஜக, 2004ல் மார்க்சிஸ்ட், 2009ல் திமுக, மறுபடி பாஜக, பிறகு காங்கிரஸ். இடையில் 2009ல் தொகுதியின் பெயரும் எல்லையும் மாறியது உண்மைதான், ஆனாலும் ஒரே மதக் கணக்கு வைத்து இத்தனைக்கும் விளக்கம் சொல்ல முடியுமா? ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு, இனயம் துறைமுகத்துக்கு எதிராக நின்ற கடற்கரை, நாலுவழிச் சாலைக்கு வயல் போன விவசாயி, ரப்பர் விலை இறங்கினதில் நொந்த பால்வெட்டுக்காரர், எல்லோரும் அதே இயந்திரத்தில்தான் அமுக்குகிறார்கள். அதே மனிதர்கள் மதத்தையும் பார்க்கிறார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்துக்களும் கிறிஸ்தவ மீனவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தின்போது எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் வீட்டுக்குக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அக்கா அதன் பிறகு மாதக்கணக்கில் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் வந்து வாசலில் நின்றார், கூப்பிடவா வேண்டாமா என்கிற மாதிரி. அம்மா எதுவும் கேட்கவில்லை. போய்க் கூடையை இறக்கக் கை கொடுத்தாள், "சாளை உண்டா" என்றாள். அதை நடிப்பு என்று சொல்வீர்களா டீச்சர்? எனக்குத் தெரிந்தவரை அம்மா அவ்வளவு நேர்மையாக வேறெப்போதும் இருந்ததில்லை.

விலகிப் போன நண்பரைச் சாயா குடிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்ததும் எதைப் பற்றிப் பேசுவது?
(திருவட்டார்)

மழையைப் பற்றி. பேச்சிப்பாறை அணையில் இப்போது எத்தனை அடி தண்ணீர் என்று கேளுங்கள். மொத்தம் 48 அடி, ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்வார்கள், பத்து நிமிஷம் ஓடும். கன்னிப்பூ நெல் நடவு ஆச்சா என்று கேட்கலாம். கால்வாய்க் கடைசியில் இருக்கிற கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அங்கிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து அதிகாரி, அதிகாரியிலிருந்து ஆட்சி என்று நாலே வாக்கியத்தில் ஜூன் 4க்கு வந்து நிற்பீர்கள். அப்படி வந்துவிட்டால் இன்னொரு சாயா சொல்லிவிட்டு, பழம்பொரி இருக்கிறதா என்று கேளுங்கள்.