சின்ன ஃப்ளக்ஸ் கோர் மெஷினில் வீட்டிலேயே டிரெய்லர் ஹிட்ச் செய்தால் தாங்குமா?

கேஸ் இல்லாமல், உள்ளே ஃப்ளக்ஸ் பொடி நிரம்பிய ஃப்ளக்ஸ் கோர் வயரில், வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் ஹிட்சை வெல்டு பண்ணினால் பாரம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப்படி தாராளமாகத் தாங்கும். சிக்கல் அங்கே இல்லை.

ஈ71டி-11 என்ற ஃப்ளக்ஸ் கோர் வயரின் இழுவலிமை சுமார் 480 மெகாபாஸ்கல். பக்கம் (கால்) 6 மிமீ உள்ள ஃபில்லெட் வெல்டுக்கு, அதாவது மூலையில் போடும் முக்கோண வெல்டுக்கு, தொண்டை (மிக மெல்லிய குறுக்களவு) 4.2 மிமீ. வலிமையில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 100 மிமீ நீள வெல்டு ஆறு டன்னைத் தாங்க வேண்டும். ஆனால் பீட் (வெல்டு உலோகக் கோடு) பிளேட்டுக்குள் உருகி இறங்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தால் அது வெல்டே இல்லை, பசை.

120–140 ஆம்ப் மெஷினில் 6 மிமீ பிளேட்டுக்கு அடிக்கும்போது இதுதான் நடக்கிறது. பிளேட் சூட்டை இழுத்துக்கொள்ளும்; பீட் கயிறு மாதிரி உருண்டு புடைத்து நிற்கும். பார்வைக்குக் கனமாக, நம்பிக்கையாகத் தெரியும். சுத்தியலால் தட்டிப் பெயர்த்தால், அடியில் பிளேட்டில் கிரைண்டர் கோடுகள் உருகாமல் அப்படியே இருக்கும்.

அதனால் முதலில் விளிம்பை 30 டிகிரி சாய்த்து, 2 மிமீ இடைவெளி விட்டு டேக் (சிறு புள்ளி வெல்டு) அடியுங்கள். இருபுறமும் 25 மிமீக்கு மில் ஸ்கேலை (எஃகின் மேலுள்ள கருப்புப் படலம்) பளபளக்கும் வரை கிரைண்ட் செய்து, பிளேட்டை 100 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். பல பாஸ்களாக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பீட்களாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஸ்லாக்கை (மேலே உறையும் கசடு) தட்டி, பிரஷ் போட்டே ஆக வேண்டும். டார்ச்சைத் தள்ளாமல் இழுங்கள். வயர் 12 முதல் 20 மிமீ வரை நீட்டியிருக்கட்டும். டார்ச் நெகட்டிவில் இருக்கிறதா என்று பாருங்கள்: கேஸ் வைத்துச் செய்யும் மிக் வெல்டிங்குக்கு மாற்றி வைத்த மெஷின் என்றால் பாசிட்டிவில் இருக்கும், ஸ்பேட்டர் (உலோகத் துளிகள்) கொட்டும், பீட் ஒழுங்காக அமையாது.

வயர் சுருளில் "ஜிஎஸ்" என்று போட்டிருந்தால் அது ஒற்றைப் பாஸுக்கும் மெல்லிய தகட்டுக்கும் மட்டும். ஹிட்சுக்கு வேண்டாம். டி-11 பல பாஸ் தாங்கும், ஆனால் அதிர்ச்சியைத் தாங்கும் சோதனை அந்த வகைக்குக் கட்டாயமில்லை. கையில் ஸ்டிக் மெஷின் இருந்தால் இந்த வேலைக்கு 7018 ராடுதான் என் தேர்வு.

அசல் வேலைக்கு முன், அதே தடிமன் துண்டுகளில் டி வடிவ ஜாயிண்ட் ஒன்றை ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்து, வைஸில் பிடித்து, வெல்டு இருக்கும் பக்கமாகச் சாயும்படி சுத்தியலால் அடியுங்கள். பிளேட் வளைந்தாலோ, வெல்டின் உள்ளே கிழிந்து ரூட் (வெல்டின் அடி) வரை நல்ல உலோகம் தெரிந்தாலோ சரி. சுத்தமாகப் பிரிந்து வந்தால் அந்த செட்டிங்கோடு ஹிட்ச் பக்கம் போகாதீர்கள்.

ரோட்டில் உடைப்பது பெரும்பாலும் ஒரே இழுப்பல்ல, ஓயாத குலுங்கலில் வரும் களைப்பு. விரிசல் பீட் முடியும் இடத்திலும், அண்டர்கட்டிலும் (பீட் ஓரத்தில் பிளேட் அரிக்கப்பட்ட பள்ளம்), நிரப்பாமல் விட்ட குழியிலும் தொடங்கும். ஆகவே மூலையில் நிறுத்தாமல் சுற்றிக் கொண்டுபோய் முடியுங்கள். இழுவை வரும் பக்கத்தில் குறுக்காக வெல்டு போடாமல், கஸெட் (முக்கோண முட்டுத் தகடு) வைத்து நீளவாக்கில் போடுங்கள்.

டிரெய்லர் மாட்டும் பந்தையும், அதைக் கவ்வும் கப்ளரையும் செய்யவே வேண்டாம், ரேட்டிங் பொறித்ததை வாங்குங்கள். பந்தின் மேல் வெல்டு அடிக்கவும் கூடாது. வண்டிச் சேசிஸோடு ஹிட்சை 8.8 வலிமைத் தர போல்ட்டால் இணையுங்கள். அங்கே வெல்டு பண்ணினால் சேசிஸ் எஃகின் வலிமையே கெடலாம். பாதுகாப்புச் சங்கிலியை ஹிட்ச் வெல்டை நம்பியிராத வேறிடத்தில் மாட்டுங்கள், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். கால்வனைஸ் பூச்சை முழுக்க எடுத்துவிடுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். இந்த வயரே புகை அதிகம் விடும், திறந்த இடத்தில் மாஸ்க்கோடு வேலை செய்யுங்கள்.

பெயிண்டை மெல்லிசாக அடியுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு கழுவிவிட்டு வெல்டு ஓரத்தை டார்ச் லைட்டில் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போலத் துருக்கோடு கசிந்திருந்தால் அது விரிசல். அதன் மேலேயே இன்னொரு பீட் போட்டு மூடாமல், தோண்டியெடுத்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.