விடிந்ததும் படபடப்பா? 21 நாள் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 58 வயது. தேவகோட்டையில் தனியாக இருக்கிறேன், மகன் சிங்கப்பூரில். ஐந்து மணிக்குப் போனில் அலாரம் அடித்ததும் பங்காளி குரூப், கோயில் குரூப் என்று பார்த்து ஆறரை ஆகிவிடுகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரிவதில்லை. நெஞ்சு படபடக்கிறது. 'டிஜிட்டல் டீடாக்ஸ்' என்று, போன் பழக்கத்தைக் குறைக்கும் 21 நாள் பயிற்சிக்கு 6,500 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் ஆச்சி. அந்தப் பயிற்சியே போனில்தான் நடக்கும். என்னிடம் வந்த ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டு, ஐந்தரை மணி லிங்க் தவறிவிடுமோ என்று நாலரைக்கே எழுந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்! கூடவே திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று ஒன்றையும் தலையில் கட்டுவார்கள். உங்கள் படபடப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விழித்த முக்கால் மணிக்குள் கார்ட்டிசால் என்ற சுரப்பு தானாகவே ஏறும். உடம்பை எழுப்பிவிட அது வேண்டும். மூளைக்கு அப்போது பாதித் தூக்கம். அந்த நேரம் பார்த்து யாரோ ஐசியூவில் கிடக்கும் படமும் பங்காளிச் சண்டையும் கண்ணில் பட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

300 ரூபாய்க்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். போன் முகப்பில் சார்ஜில் கிடக்கட்டும், நீங்கள் உள்கட்டில் படுங்கள். எழுந்து வாசல் தெளித்து, புள்ளி எண்ணிக் கோலம் போடுங்கள். வெளுத்ததும் காபியோடு முற்றத்துத் தூணோரம் உட்காருங்கள். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடும், ராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வரும். வானத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டிய ஊரில் இதற்குக் காசு கேட்கிறார்கள், பாருங்கள்.

மகன் கூப்பிட்டால்? இதற்கு மட்டும் விலக்கு உண்டு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு ஐந்தரை என்றால் அங்கே எட்டு, வேலைக்குக் கிளம்பும் நேரம். போனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, அவர் எண்ணுக்கு மட்டும் மணியடிக்கும்படி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக்குத்தான் இந்த விலக்கு, மெசேஜுக்கு இல்லை. காதில் வைத்துப் பேசுங்கள், வீடியோ வேண்டாம். பேசி முடித்த கையோடு "ஒரு நிமிஷம்" என்று குரூப்பைத் திறந்தால் பழைய கதைதான்.

யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒரு ரேஷன் கடைச் சுவரிலாவது இதை எழுதிப் போட்டிருக்கிறார்களா? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். இப்படிப் பயிற்சி நடத்த 'லைஃப் கோச்' என்று கார்டு அடித்தால் கேட்க நாதி இல்லை.

பகலிலும் படபடப்பு வந்தால் முதலில் பிரஷர் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுங்கள். என்னிடம் வருவதெல்லாம் அப்புறம்.