‘வில்’லா, ‘வுட்’டா: நினைத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் கல் காயாமல் ஒரு வெளிநாட்டு ஆர்டர் தள்ளிப்போனது. ‘வெள்ளிக்கிழமைக்குள் தயாராகிவிடும் என்று நினைத்தோம்’ என்பதை, ‘வீ தாட் த டைல்ஸ் வில் பி ரெடி பை ஃப்ரைடே’ என்று எழுதி அனுப்பினேன். ‘வில்’ தப்பு, ‘வுட்’ போட வேண்டும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். ‘வுட்’ போட்டால் சந்தேகத்தோடு சொல்வது போல ஆகிவிடாதா? அவர்கள் அனுப்பிய பதிலில், ‘த டைல்ஸ் ஷுட் ஹேவ் ரீச்ட் அஸ் பை நௌ’ என்று இருந்தது. கோபமாக இருக்கிறார்களா?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

‘தயாராகிவிடும் என்று நினைத்தோம்’ என்னும்போது, நினைத்த அன்றைக்கு உங்கள் மனதில் ஓடிய ‘தயாராகிவிடும்’ என்ற சொல்லை ‘என்று’ அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறது. நினைத்தது போன வாரம் என்பதால் அது மாறுவதில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. ‘தாட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால், உள்ளே இருக்கும் எண்ணத்தையும் இறந்தகாலத்துக்கு இழுத்துவிடும். ‘வில்’ ‘வுட்’ ஆகும், ‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘மே’ ‘மைட்’ ஆகும். போன வாரம் நின்றுகொண்டு பார்த்த வெள்ளிக்கிழமை, இந்த ‘வுட்’டில் இருப்பது அவ்வளவுதான். எவ்வளவு உறுதியாக நம்பியிருந்தாலும் இதே ‘வுட்’தான் வரும். ‘வீ வேர் ஷ்யூர் இட் வுட் பி ரெடி’ என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சந்தேகம் தொனிக்கும் ‘வுட்’ வேறு. ‘இப்படி நடந்தால் செய்வோம்’ என்று ஒரு நிபந்தனையோடு சேர்ந்து வருவது அது. நம் ஊர்க் கடிதங்களில் உண்மையான சிக்கல் இங்கேதான். மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்து, ‘வீ வுட் சென்ட் த டைல்ஸ் ஆன் மண்டே’ என்று பலர் வாக்குக் கொடுக்கிறார்கள். படிக்கும் வெளிநாட்டுக்காரர் ‘அனுப்புவோம்தான், ஆனால்…’ என்று ஏதோ பாக்கி இருப்பதாக எடுத்துக்கொண்டு அந்த ‘ஆனால்’ எங்கே என்று தேடுவார். இன்று நின்று வருகிற திங்கட்கிழமையைப் பற்றி வாக்குக் கொடுத்தால் ‘வில்’தான். போன வாரம் நினைத்ததைச் சொன்னால் ‘வுட்’. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே வியாபாரக் கடிதத்தில் பாதிப் பிரச்சினை தீரும்.

‘‘செட்’ (சொன்னார்) என்று வந்தால் ‘வில்’லே இருக்கலாமே’ என்று உங்கள் மகள் குறுக்கே கேட்கக்கூடும். உண்மைதான். ‘லாரி நாளைக்குக் கிளம்பும் என்று டிரைவர் சொன்னார்’ என்று எழுதும்போது அந்த நாளை இன்னும் வரவில்லை என்றால், ‘செட்’டுக்குப் பிறகு ‘வில்’ நிற்கலாம். ஆனால் ‘தாட்’டுக்குப் பிறகு அதை எதிர்பார்க்காதீர்கள். நினைத்தேன் என்று சொன்னாலே, அந்த எண்ணம் மாறிவிட்டது அல்லது நடக்கவில்லை என்ற வாசனை ஆங்கிலத்தில் பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. அந்த வாசனை உங்கள் கடிதத்துக்கு வேண்டியதுதான். நடக்கவில்லை என்பதைத்தானே சொல்ல வருகிறீர்கள்!

இனி அவர்கள் எழுதிய ‘ஷுட் ஹேவ்’. ‘வந்திருக்க வேண்டும்’ என்று நாம் எழுத்துக்கு எழுத்து படிப்பதால் திட்டுவது போலத் தோன்றுகிறது. இங்கே அது கணக்கு. நீங்கள் கொடுத்த தேதியை வைத்துப் பார்த்தால் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும், ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். பொருளைப் பற்றிச் சொல்லும் ‘ஷுட் ஹேவ்’ பெரும்பாலும் இப்படித்தான். ஆளைப் பற்றிச் சொன்னால் நிலைமை மாறும்: ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் அஸ்’ என்று வந்திருந்தால் அது குறைதான், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா என்ற குறை. உங்களுக்கு வந்தது அதுவல்ல. கோபம் இல்லை, பதிலை எதிர்பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ‘பார்சல் இந்நேரம் வந்திருக்கும்’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எவ்வளவு நிச்சயம் என்பதை குரலும் முகமும் பார்த்துக்கொள்ளும். கடிதத்தில் குரல் இல்லை, அந்த வேலையைத் துணைவினைதான் செய்ய வேண்டும். அத்தாட்சி கையில் இருந்து ஊகித்தால் ‘மஸ்ட் ஹேவ்’, கணக்குப்படி என்றால் ‘ஷுட் ஹேவ்’, வந்தும் இருக்கலாம் வராமலும் இருக்கலாம் என்றால் ‘மே ஹேவ்’ அல்லது ‘மைட் ஹேவ்’. கூரியர் ரசீதில் ‘டெலிவர்ட்’ என்று பார்த்துவிட்டு ‘மைட் ஹேவ்’ போட்டால், நீங்கள் ஏன் மழுப்புகிறீர்கள் என்று அவர் நினைப்பார். ‘மஸ்ட் ஹேவ்’, ‘ஷுட் ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ ஆகியவை ‘தாட்’டுக்குப் பிறகும் மாறாமல் அப்படியே நிற்கும் என்பது ஒரு வசதி.

மகளுக்கும் ஒரு வார்த்தை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தான் பக்கம் வந்துபோகும் வெளிநாட்டுப் பயணிகள் எழுதும் கட்டுரைகளில் ‘நினைத்தேன்’ என்ற சொல்லே இல்லாமல் ‘வுட்’ வருவதைக் கவனிக்கலாம். அப்படி ஒரு வீட்டு முகப்பில் நின்று வளவை, அதாவது உள்முற்றத்தைத் தாண்டிப் பார்க்கிற ஒருத்தியைப் பற்றி, ‘த ஹவுஸ் வுட் ஷ்யூர்லி எண்ட் அட் த நெக்ஸ்ட் டோர்’ என்று எழுதியிருக்கும். வீடு முடியும் என்று எழுதுபவர் சொல்லவில்லை. அந்தக் கதவோடு முடிந்துவிடும் என்று அவள் அந்த நேரத்தில் எதிர்பார்த்தாள். அடுத்த வரியில் இரண்டாம் கட்டு வரும், அப்புறம் பின்கட்டு, கடைசியில் அடுத்த தெருவே வந்துவிடும். அவளுடைய ஏமாற்றமும் வியப்பும் அந்த ஒரு ‘வுட்’டிலிருந்துதான் புறப்படுகின்றன. இறந்தகாலக் கதையில் திடீரென ஒரு ‘வுட்’ தலைகாட்டினால், இது யாருடைய எண்ணம் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதிர்மறைக்கும் ஒரு குறிப்பு. ‘இந்த வாரம் காயாது என்று நினைக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில், ‘ஐ டோன்ட் திங்க் இட் வில் ட்ரை திஸ் வீக்’ என்றுதான் இயல்பாகச் சொல்வார்கள். ‘இல்லை’ நினைப்பின் பக்கம் போய்விடும். ஆனால் ‘ஹோப்’ இதற்கு ஒத்துவராது, ‘ஐ ஹோப் இட் வோன்ட் ரெயின்’ என்றுதான் எழுத வேண்டும்.

சரி, இப்போது கடிதம். இப்படித் திருத்தி அனுப்புங்கள்: ‘வீ தாட் த டைல்ஸ் வுட் பி ரெடி பை ஃப்ரைடே, பட் த ரெயின் ஸ்லோட் த ட்ரையிங். தே வில் பி ரெடி நெக்ஸ்ட் வீக்.’ அடுத்த வாரம் என்பதில் உங்களுக்கே உறுதி இல்லை என்றால் ‘தே ஷுட் பி ரெடி’ என்று மாற்றுங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து நிறச் சிமெண்ட் ஊற்றுவதையும், தண்ணீரில் ஊறவைத்த பிறகு காயவைப்பதையும் இரண்டு வரியில் சேர்த்து எழுதுங்கள். மழை ஏன் தாமதப்படுத்தியது என்று அவர்களுக்குப் புரியும்.