பீடிங் வச்சா பக்கப் பலகை வெடிக்குதா?

கேள்வி: ஆசாரி கையால செஞ்ச தேக்கு அலமாரி. பக்கம் 18 இன்ச் பலகை, மேல சுத்தி பீடிங் (அலங்கார மரப் பட்டி) வைக்கணும். பாலிஷுக்கு முன்னாடி ஒட்டணுமா, அப்புறமா? போன அலமாரியில ஒரே வருஷத்துல பக்கப் பலகை வெடிச்சிருச்சு.

பதில்: பாலிஷை அப்புறம் பாப்போம், மொதல்ல வெடிப்பு. மரம் அகலவாக்குல மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், 18 இன்ச் தேக்குன்னா ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆடும். அதுக்குக் குறுக்க பீடிங்கை முழுசா ஃபெவிகால் தடவி ஆணியும் அடிச்சுட்டா பலகை எங்கதான் போகும்? அதனால பக்க பீடிங்குக்கு முன் மூலையில, 45 டிகிரி சேர்ற இடத்துல ரெண்டு இன்ச் மட்டும் பசை. மிச்சத்துக்கு உள்பக்கமிருந்து ஸ்க்ரூ, பலகையில ஓட்டையை மட்டும் முன்பின்னா கால் இன்ச் நீட்டி விடுங்க. முன்பக்க பீடிங்கை முழுசா ஒட்டலாம்.

பக்கம் ப்ளைவுட்டா இருந்தா இந்தக் கவலையே இல்ல, முழுசா ஒட்டுங்க. ஆனா மேல வெனியர் (தாள் மாதிரி மெல்லிசா சீவின மரம்), ஓரத்துல தேக்குப் பட்டி ஒட்டியிருந்தா பாத்தா தெரியாது, கீல் எடுத்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, அடுக்கடுக்கா கோடு தெரிஞ்சா ப்ளைவுட். தேக்குப் பலகைன்னு காசு வாங்கிட்டு ப்ளைவுட் வச்சிருந்தாங்கன்னா அது வேற சண்டை.

பாலிஷ், முன்னாடியே. 120, 180, 220 உப்புத்தாள் போட்டு, சீலரும் (மரத்துளையை அடைக்கிற மொதல் பூச்சு) ஒரு கோட் பாலிஷும் அடிச்சுட்டு ஒட்டுங்க, கடைசிக் கோட் மட்டும் மாட்டினப்புறம். பசை போற இடத்துல டேப் ஒட்டி மறைச்சுருங்க, பாலிஷ் மேல பசை பிடிக்காது. தேக்குல எண்ணெய் இருக்கும், அங்க தின்னர்ல ஒரு தடவை தொடைங்க. பாலிஷ் போடாத வெறும் மரத்துல ஒட்டிட்டு அப்புறம் அடிச்சா, பிதுங்கின பசை பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டா நிக்கும்.

இப்ப ரெடிமேட் பீடிங். ரன்னிங் அடிக் கணக்குல "பர்மா டீக்"னு குடுப்பாங்க, முனையை அரை இன்ச் அறுத்துப் பாருங்க, உள்ள வெளேர்னு இருந்தா மேல சாயம்தான். நானே ஏமாந்திருக்கேன், பில்லைப் பாத்தா வெறும் "மரம்"னு இருக்கு, என்ன மரம்னு ஒரு வார்த்தை கிடையாது, இதை வச்சுக்கிட்டு எங்க போய்க் கேக்குறது? யாரும் கேக்கவும் மாட்டாங்க. அடுத்து பாலிஷ் கான்ட்ராக்டர், மூலையில இடைவெளி வந்தா "மக்கு வச்சு மறைச்சுடலாம் சார்"ம்பாரு (மக்குன்னா இடைவெளியை அடைக்கிற பூச்சு). வைக்க விடாதீங்க, அடுத்த சித்திரைக்கு அது உதிர்ந்து கைல வரும். கழட்டி, திரும்ப 45 வெட்டச் சொல்லுங்க.