தைக்கத் தெரியாத அம்மாவும் ஐந்தாங்கல்லும்

கேள்வி: டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் குடியிருக்கிறோம். மகளுக்கு வரும் ஏப்ரலில் யோச்சியென் என்கிற பாலர் பள்ளி தொடங்குகிறது. பள்ளிக்குள் போடும் ஷூவுக்கு ஒரு பை, தம்ளருக்கு ஒரு பை, புத்தகத்துக்கு ஒரு பை, "முடிந்தால் வீட்டில் தைத்தது" என்று அளவு போட்டு ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது. இது ஒரு பக்கம். எதிர் வீட்டுச் சிறுமியோடு சேர்ந்து இவள் நாள் முழுக்கக் காகிதத்தில் ஒரிகாமி மடிக்கிறாள். நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பனையோலைக் காற்றாடி, ஐந்தாங்கல், பல்லாங்குழி என்று வளர்ந்தவள். அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் மகள் எழுந்து ஓடிவிடுகிறாள். "பிள்ளை ஜப்பான்காரியாவே ஆயிட்டா" என்று மாமியார் போனில் சொல்வது வேறு குத்துகிறது. என் சின்ன வயதை இவளிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏப்ரல் நெருங்குகிறது, பை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

"முடிந்தால்" என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? முடியாவிட்டால் கடையில் வாங்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் நூறு யென் கடைகளிலேயே இந்தப் பைகள் வரிசையாகத் தொங்கும். அளவைச் சொன்னால் வீட்டில் தைத்து அனுப்புகிற பெண்களும் இணையத்தில் இருக்கிறார்கள். ஜப்பானிய அம்மாக்களிலேயே பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆசிரியைகள் முக்கியமாகப் பார்ப்பது அளவைத்தான். குழந்தை உயரத்துக்கு அடித்த கொக்கியில் பை மாட்ட வேண்டும், தரையில் இழுபடக் கூடாது. அப்புறம், எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளை துணியைப் பார்த்தே தன் பையை அடையாளம் கண்டு எடுக்க வேண்டும். மூன்று பையும் ஒரே துணியில் இருந்தால் நல்லது என்று சொல்வது இதற்காகத்தான்.

ஆனாலும் ஒன்றையாவது நீங்களே தையுங்கள் என்பேன். பள்ளிக்காக இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தம்ளர்ப் பையை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் இருப்பதிலேயே சின்னது. இரண்டு பக்கமும் அடியும் தைத்து, வாயை மடித்து நாடா கோர்த்தால் பை தயார். பாவாடைக்கு ஊக்கில் நாடாவை மாட்டி நெளித்து நெளித்துக் கோர்த்திருப்பீர்கள் அல்லவா, அதே வேலைதான். மெஷின் வேண்டாம். ஒரு குத்து முன்னே போய், அரைக் குத்து பின்னே வந்து தைக்கும் கெட்டித் தையல் போதும். கோணலாக வந்தால் வரட்டும், தம்ளருக்குத் தெரியாது.

துணிக்கு, உங்களிடம் உள்ள பழைய நூல் சேலை ஒன்றின் கரைப் பக்கத்தை வெட்டுங்கள். சுங்குடி இருந்தால் இன்னும் நல்லது. நைந்த துணி தாங்காது என்பதால் இரட்டையாக மடித்துத் தையுங்கள். புத்தகப் பை பெரும்பாலும் 30 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம் கேட்பார்கள். அதற்குச் சேலைத் துணி சரிப்படாது, பஞ்சு வைத்துத் தைத்த குயில்டிங் துணி வாங்க வேண்டும். நிப்போரி ஸ்டேஷன் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் துணிக்கடைகளாகவே ஒரு தெரு இருக்கிறது. ஒரு தடவை போய்ப் பாருங்கள். (பர்ஸில் அளவாகப் பணம் எடுத்துப் போங்கள். அந்தத் தெருவில் கை நிற்காது.)

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி.

"எங்கள் ஊரில் நாங்கள் இப்படி விளையாடுவோம்" என்று ஆரம்பித்தால் எந்தக் குழந்தையும் ஓடத்தான் செய்யும். உங்கள் பாட்டி "எங்க காலத்துல" என்று தொடங்கியபோது நீங்கள் உட்கார்ந்து கேட்டீர்களா என்ன? கதையை விடுங்கள். தரையில் உட்கார்ந்து நீங்கள் பாட்டுக்கு விளையாடுங்கள், அவளைக் கூப்பிடக்கூட வேண்டாம்.

ஐந்தாங்கல்லிலிருந்து தொடங்கலாம். கல் வேண்டாம். மரத்தரை அடுக்குமாடியில் கல்லைப் போட்டால் மறுநாளே கீழ்வீட்டுக்காரரிடமிருந்து புகார் வரும். அதற்கு வழி உங்களைச் சுற்றியே இருக்கிறது. ஒதெதாமா என்று, சின்னத் துணிப் பொதியில் அசுகி பயறை அடைத்துத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் விளையாட்டு ஜப்பானில் உண்டு. பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வீசுவது ஒரு வகை. ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை அள்ளுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அசல் ஐந்தாங்கல்! பழைய காலத்தில் அவர்களும் கல்லை வைத்துத்தான் ஆடியிருக்கிறார்கள். நம் சங்கப் பாடல்களில் பெண்கள் மணலில் கழங்கு ஆடுகிறார்களே, அந்த வழியில் வந்த உங்கள் கைக்கு இது புதிதே இல்லை.

செய்வதும் சுலபம். தம்ளர்ப் பைக்கு வெட்டியது போக மிஞ்சிய சேலைத் துண்டை நீளசதுரமாக வெட்டிக் குழாய் மாதிரி தையுங்கள். ஒரு முனையை நூலால் சுருக்கி இறுக்கி, பயறைப் போட்டு, மறுமுனையையும் சுருக்குங்கள். ஒன்றுக்கு 40 கிராம் பயறு போதும். அசுகிக்குப் பதிலாக, உங்கள் பகுதியில்தான் இந்திய மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லையே, காராமணி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி ஆறவைத்து அடைத்தால் வண்டு வராது. சின்னப் பிள்ளை கையாளப்போவதால் முனைகளை இரண்டு தடவை தைத்துவிடுங்கள், பயறு வெளியே வந்தால் மூக்குக்குள் போகும். தம்ளர்ப் பையை ஏன் தைக்கச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் கை பழகிவிட்டால் இது அரைமணி நேர வேலை.

பல்லாங்குழிக்குப் பலகை தேடி அலைய வேண்டாம். இங்கே முட்டை பத்துப் பத்தாகத்தான் பெட்டியில் வரும், வரிசைக்கு ஐந்து குழி. இன்னொரு பெட்டியில் நாலு குழியை வெட்டி ஒட்டினால் ஏழும் ஏழும் பதினாலு. புளியங்கொட்டையைத் தபாலில் அனுப்பச் சொல்லி ஊருக்குப் போன் போடாதீர்கள். விதைகள் ஜப்பானுக்குள் வர ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கொட்டையோடு விற்கும் புளியை வாங்கினால் குழம்பும் ஆச்சு, ஆட்டமும் ஆச்சு.

பனையோலைக் காற்றாடிக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. ஓலையும் இல்லை, குத்துவதற்குக் கருவேல முள்ளும் இல்லை. காகிதத்தில் செய்தால் அது வேறு காற்றாடி. ஊருக்குப் போகும்போது செய்து கொடுங்கள்.

ஒரிகாமியை எதிரியாகப் பார்க்காதீர்கள். 1876-ல் டோக்கியோவில் பெண் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு சேர்த்து அரசாங்கம் பாலர் பள்ளி தொடங்கியபோது, ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியர் வகுத்த முறையைத்தான் பின்பற்றினார்கள். அதிலும் காகிதம் மடிப்பது ஒரு பாடம். ஜப்பானியர் வீடுகளில் முன்பே மடித்துவந்த கொக்கு அந்த வகுப்புகளோடு கலந்துதான் இன்றைய பாலர் பள்ளி ஒரிகாமி ஆனது. நீங்களும் நோட்டுத்தாளைக் கிழித்துக் கப்பல் விட்டவர்தானே? தபால் பெட்டியில் வந்து விழும் விளம்பரத் தாளை எடுத்து சாதாக் கப்பல் ஒன்று, கத்திக் கப்பல் ஒன்று மடித்து அவள் கொக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். கத்திக் கப்பலைப் பார்த்தால் எதிர் வீட்டுச் சிறுமியும் வந்து உட்காருவாள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

விளையாடும்போது அவள் ஜப்பானிய மொழியில் எண்ணினால் திருத்தாதீர்கள். நீங்கள் தமிழில் எண்ணுங்கள், போதும். தொடக்கப் பள்ளிக்குப் போனதும் முதல் வகுப்பிலேயே "முகாஷி அசோபி" என்று பழைய கால விளையாட்டுகள் சொல்லிக்கொடுப்பார்கள். பம்பரம், மரக் கிண்ணத்தில் பந்தைப் பிடிக்கும் கெந்தாமா, ஒதெதாமா எல்லாம் அதில் உண்டு. பல பள்ளிகளில் அக்கம்பக்கத்துத் தாத்தா பாட்டிகளை அழைப்பார்கள். ஆள் கேட்டு நோட்டீஸ் வந்தால் நீங்களும் பெயர் கொடுங்கள்.

மாமியார் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, வேலை கொடுங்கள். வீடியோ அழைப்பில் பேத்தியை எதிரே உட்காரவைத்து, பல்லாங்குழியில் உங்களுக்கு மறந்துபோன விதிகளைக் கேளுங்கள். குழியில் சேர்ந்த காய்களை அள்ளும் "பசு"வை எப்போது எடுப்பது என்பதிலேயே ஊருக்கு ஊர் சண்டை உண்டு. அவர் ஒன்று சொல்வார், உங்கள் அம்மா வேறொன்று சொல்வார். பிள்ளை யாராகிவிட்டாள் என்ற பேச்சுக்கு அன்றைக்கு நேரமிருக்காது.

கடைசியாக ஒன்று. பையின் மேல் பெயரை ஹிராகானா என்கிற ஜப்பானிய எழுத்தில் எழுதுங்கள், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பெயர்ப் பட்டை நூறு யென் கடையில் கிடைக்கும். குடை, தம்ளர், ஷூ, தொப்பி எதையும் விட்டுவிடாதீர்கள், எல்லாவற்றிலும் பெயர் கேட்பார்கள்.