மணி ஏன் ராத்திரியில் மட்டும் தும்முகிறான்?

கேள்வி: ஐயா, கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில், முதல் மாடியில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் 2 வயது ஆண் காக்கட்டீல் கிளி இருக்கிறது. பெயர் மணி. பகலெல்லாம் நன்றாகச் சாப்பிட்டு, சீட்டியடித்துக்கொண்டு இருப்பான். ராத்திரி 9.30 மணிக்குக் கூண்டைத் துணி போட்டு மூடினால் கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுத் தும்மல். நடு ராத்திரியில் மறுபடியும் தும்முவான். ஒரு மாதமாக இப்படி. மூக்கு ஒழுகவில்லை. கூண்டு ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்தில். சாப்பாடு சூரியகாந்தி விதையும் தினையும்தான். இந்த மாதம் கொசுவும் அதிகம், வயதான மாமியார் வேறு ஹாலில் படுக்கிறார், தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் சளி மாத்திரையில் கால்வாசியைக் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். கிளி வாங்கிய கடையில் தண்ணீரில் கலக்க ஒரு மருந்துத் தூள் தந்தார்கள். எதைக் கொடுக்கலாம்?

பதில்: சகோதரி, இரண்டையும் கொடுக்காதீர்கள். மாத்திரையைத் தொடவே வேண்டாம். காக்கட்டீல் 90 கிராம் சொச்சம் எடையுள்ள உயிர். 60 கிலோ மனிதர் அதைவிட 600 மடங்குக்கும் மேல். உடல் எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், மணிக்குக் கால் மாத்திரை என்பது அந்த மனிதர் 150 மாத்திரைக்கு மேல் விழுங்குவதற்குச் சமம். கடைத் தூளும் சரிப்படாது. தண்ணீரின் ருசி மாறினால் கிளி குறைவாகக் குடிக்கும், எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பிறகு மருத்துவர் சளியை எடுத்துச் சோதித்தால் கிருமி தெரியாமல் மறைந்தும் போகலாம்.

முதலில் தும்மலைப் பற்றி. ஒரு நாளில் சில தடவை, ஈரமில்லாமல், தலையை உதறித் தும்மினால் அது மூக்கைச் சுத்தம் செய்துகொள்வதுதான். நகத்தால் மூக்குத் துளையைச் சொறிந்துவிட்டு ஒரு தும்மல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மணியின் விஷயம் அப்படியில்லை. ஒரே நேரத்தில் அடுக்கடுக்காக வருகிறது. பகலில் நன்றாக இருந்து ராத்திரியில் மட்டும் தும்முகிறான் என்றால், ராத்திரியில் மட்டும் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. தும்மலும் ஒரு மாதம், கொசுவும் ஒரு மாதம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: ஹாலில் கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? கொளுத்துகிறீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்த அளவுக்கு இருந்தது. உங்கள் மாமியாருக்கும் அது நல்லதில்லை, கிளிக்கு இன்னும் மோசம். நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும்தான் நுரையீரலுக்குப் புதுக் காற்று போகும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. மூச்சை விடும்போதும் பைகளில் இருக்கிற புதுக் காற்று நுரையீரல் வழியாகத்தான் போகும். பறப்பதற்காக அமைந்த உடல் அது. அதனால் புகையும் நஞ்சும் நம்மைவிட வேகமாக அதன் ரத்தத்தில் ஏறும். சுருளுக்குப் பதில் மின்சார மேட்டோ ஸ்ப்ரேயோ போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அதுவும் பூச்சிமருந்துதான். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், மாமியாருக்குக் கொசுவலை கட்டுங்கள், மின்விசிறி ஓடட்டும். டெங்கிக்காகக் குடியிருப்பில் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் ஜன்னலை அடைத்து, மணியை உள் அறைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

சாமி மேடை விஷயத்தைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். மாலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் கூண்டுக்கு அருகிலேயே என்றால், நீங்கள் மூடும் துணி அந்தப் புகையை உள்ளேயே பிடித்து வைக்கும். மேடையை நகர்த்தச் சொல்லவில்லை, கூண்டை நகர்த்துங்கள். சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடான ஒட்டாத (நான்-ஸ்டிக்) பாத்திரத்தின் ஆவியில் கிளிகள் சில நிமிடத்தில் செத்துப்போகும்.

அப்புறம் துணி. காக்கட்டீல் இறகிலிருந்து வெள்ளை மாவு போல ஒரு தூள் உதிரும். அது இந்த இனத்தின் இயல்பு, நோயில்லை. உறங்கப் போகும் முன் கிளி இறகைக் கோதும், தூள் பறக்கும், அந்த நேரம் பார்த்து நீங்கள் துணியைப் போடுகிறீர்கள். துணியிலும் பழைய தூள் சேர்ந்திருக்கும். அதை அலமாரியில் அந்துருண்டையோடு வைத்திருந்தால் அந்த வாசனையே நஞ்சு. வாரம் ஒருமுறை, வாசனைத் திரவம் சேர்க்காமல் துவையுங்கள். மூன்று பக்கம் மட்டும் மூடி, முன்பக்கத்தைத் திறந்து விடுங்கள். காக்கட்டீல் ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து சிறகடிக்கும். நடு ராத்திரித் தும்மலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், சிறகடித்தால் தூள் கிளம்பும். மங்கலான ஒரு விளக்கு இருந்தால் அந்தப் பயம் குறையும். காலையில் வெயில் வந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைத் தூவிக் குளிக்க விடுங்கள், தூள் நன்றாக அடங்கும். மாலையில் குளிக்க வைக்காதீர்கள், ஈரத்தோடு தூங்கக் கூடாது.

ராத்திரியில் ஏர்கோன் போடுவீர்கள் என்றால், அதன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அதில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். காற்று நேரே கூண்டின் மேல் படவும் கூடாது. புகைமூட்ட நாட்களில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஜன்னலை மூடி வையுங்கள்.

புகையை நிறுத்துவதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம், இன்றே செய்யுங்கள். மற்றதை மூன்று ராத்திரிக்கு ஒன்றாக மாற்றி, எத்தனை தும்மல் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். வெறும் விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. அது குறைந்தால் மூக்கின் உள்தோல் தடித்து, சளி சரியாக ஊறாமல், தூசும் கிருமியும் அங்கேயே தங்கும். தும்மலின் வேர் பல வீடுகளில் இங்கேதான். முருங்கைக்கீரை, துருவிய கேரட், வேகவைத்த ஆரஞ்சு நிறச் சக்கரவள்ளிக் கிழங்கு, பப்பாளி, சிவப்பு மிளகாய் எல்லாம் பாசாரில் கிடைக்கும். கிளிக்குக் காரம் தெரியாது, ஆசையாகத் தின்னும். விதையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், தெரியாத உணவைத் தொடாமல் பட்டினி கிடக்கும். சில வாரங்கள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அவகாடோ, வெங்காயம், சாக்லேட் கூடவே கூடாது. வைட்டமின் மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், ஏ அளவு மீறினாலும் கெடுதல். விதையில் பூஞ்சை வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை கிளியின் மூச்சுப் பாதையில் நோயாகிவிட்டால் குணமாக்க மாதக்கணக்காகும்.

தைலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வளர்த்த பச்சைக்கிளி தும்மியபோது, கூண்டுத் துணியில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விட்டேன். நமக்கு நல்லது அதற்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். அன்று ராத்திரி அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜன்னல் பக்கம் தூக்கி வைத்து விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு ராத்திரி வரக் கூடாது.

இனி, எப்போது காத்திருக்கக் கூடாது என்பது. மூக்கில் ஈரம், மூக்குக்கு மேல் இறகு ஒட்டிக்கொண்டிருப்பது, கண் வீங்குவது, சீட்டியின் குரல் மாறுவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, பகலில் இறகை உப்பிக்கொண்டு தூங்குவது, எச்சத்தின் வெள்ளைப் பகுதி பச்சையாக மாறுவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பச்சை எச்சமும் தும்மலும் சேர்ந்தால் கிளிக்காய்ச்சலாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் ‘எங்கள் வீட்டில் கிளி இருக்கிறது’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாமியாரைக் கூண்டு கழுவ விடாதீர்கள். கழுவுகிறவர் எச்சத்தை நனைத்த பிறகே துடைக்கட்டும், முகக்கவசமும் போட்டுக்கொள்ளட்டும்.

சமையலுக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் தராசில் தினமும் காலை, உணவுக்கு முன் மணியை நிறுத்து எழுதுங்கள். கிளி நோயை மறைக்கும் பிராணி, நன்றாகத் தின்பதாகவே காட்டும். 90 கிராமில் 9 குறைந்தால் அது ஆபத்து.

புகை நின்று இரண்டு வாரமாகியும் தும்மல் குறையவில்லை என்றால், மற்றபடி நன்றாக இருந்தாலும் போய்க் காட்டிவிடுங்கள். நாய் பூனை மட்டும் பார்ப்பவரிடம் போகாமல், பறவை பார்ப்பவரா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ராத்திரித் தும்மலைக் கைப்பேசியில் பிடித்து வையுங்கள், மருத்துவர் முன்னால் மணி தும்மவே மாட்டான். கூடவே அந்த நோட்டு, அன்று காலைக் கூண்டின் அடியில் விரித்த காகிதம், கடையில் கொடுத்த தூளின் பாக்கெட், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.